தொட்டிக்குத் தக்க மீன்

மீன்கடைக்காரர் வீட்டுக் குளியலறையில் இருந்த மீனின் நீளம் இரண்டாம் வருடக் கடைசியில் ஒன்பதடி நான்கு அங்குலம். குளியலறையோ எட்டடிக்கு ஆறடி. ஆகவே மீன் மூலைக்கு மூலை படுத்து, வாலை மட்டும் கொஞ்சம் மடக்கி வைத்துக்கொண்டது. வாசலில் முழங்கால் உயரத்துக்குச் சிமெண்டுத் தடுப்புக் கட்டி அறை முழுக்கத் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். வீட்டில் கணவன் மனைவி இரண்டே பேர். பின்பக்கச் சுவரோரம் தார்ப்பாய் கட்டி அதற்குள் குளித்துக்கொண்டார்கள். மழை நாளில் மனைவி குளியலறைக்குள்ளேயே இறங்கி, மீனைக் காலால் ஓரமாக ஒதுக்கிவிட்டுக் குளித்தாள். மீன் யாரையும் எதுவும் செய்ததில்லை. சோப்பு நுரை மட்டும் அதற்குப் பிடிக்காது.

கடைக்கு வந்தபோது அது மூன்று விரல் நீளம்தான். தெர்மாகோல் பெட்டியில், காற்றடைத்த பைக்குள், நாற்பது குஞ்சுகளில் ஒன்றாக வந்து இறங்கியது. கடையில் அதற்குக் குட்டிச் சுறா என்று பெயர். அது சுறாவும் இல்லை, குட்டியாக இருக்கப்போவதும் இல்லை. ஆற்றில் மூன்றரை அடிக்கு வளரும் கெளுத்தி ஜாதி. இது மீன்கடைக்காரருக்கு நன்றாகவே தெரியும். வாங்க வருகிறவர்கள் எல்லோரும் எவ்வளவு பெரிசாகும் என்றுதான் கேட்பார்கள். அவரும் அதற்கு ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார். "தொட்டிக்குத் தக்கதான் வளருங்க. சின்னத் தொட்டின்னா சின்னதாவே இருந்துக்கும்." சொல்லும்போது முகத்தில் துளி கள்ளம் தெரியாது, ஏனென்றால் சொன்னதில் பாதி உண்மை. சின்னத் தொட்டியில் அது சின்னதாகத்தான் இருக்கும். தன் அழுக்குத் தண்ணீரிலேயே கிடந்து, முதுகு வளைந்து, மூன்று மாதத்தில் செத்துப்போகும். வாங்கியவர்கள் தங்கள் ராசியை நொந்துகொண்டு இன்னொன்று வாங்க வருவார்கள். வெளிறிய மீனுக்கு மேலே சிவப்பு விளக்கைப் போட்டு நிறம் காட்டுவது, வலையை விட்டதும் மூலையில் சோம்பிக் கிடப்பதை முதலில் அள்ளிக் கொடுப்பது, துடியாக ஓடுவதை அடுத்து வருகிறவர் பார்ப்பதற்காக விட்டுவைப்பது, எல்லாம் அவருக்குக் கைவந்த கலை. சோம்பிக் கிடக்கிறதே என்று யாராவது இழுத்தால், "சாதுவான மீனுங்க" என்பார்.

நாற்பதில் முப்பத்தொன்பது விற்றுப்போயின. வால் கிழிந்திருந்த ஒன்றை யாரும் வாங்கவில்லை. அது வளரத் தொடங்கியது. ஆறே மாதத்தில் கடையின் பெரிய தொட்டி போதாமல் போய், ஈரச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மனைவி ரவிக்கை தைக்கிறவள். அளவு நாடா எப்போதும் கழுத்தில்தான் கிடக்கும். ஞாயிறுதோறும் மீனை அளந்து காலண்டரில் எழுதிவைத்தாள். மூன்றரை அடியோடு நிற்க வேண்டியது நாலாகி, ஐந்தாகி, ஆறையும் தாண்டிப் போனபோதுகூட அவள் பதறவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை மீன் கண்ணுக்குத் தெரிய இளைத்திருந்ததால், நாளில்லாத நாளில் அளந்து பார்த்தாள். ஒன்றேகால் அடி குறைந்திருந்தது. அன்று மாலை முடிவெட்டுகிறவர் கடைக்கு வந்து, தன் குட்டிச் சுறா விடிகாலையில் செத்துப்போயிற்று என்று சொல்லிவிட்டுப் போனதைக் கணவர் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். மனைவி காலண்டரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"வளராதுன்னு நீங்க சொல்லி வித்ததெல்லாம் இங்க வந்து வளருதுங்க" என்றாள். அதற்குமேல் அதைப் பற்றி வீட்டில் விவாதம் இருக்கவில்லை.

வழி இரண்டுதான் இருந்தது. உயிரோடிருக்கும் மீன்களைப் பெரிய தண்ணீருக்கு மாற்றச் சொல்லலாம். அங்கே அவை வளர்ந்தால் இங்கே இது இளைக்கும். அல்லது அவை சாகும்வரை காத்திருக்கலாம். முதல் வழியை அவர் ஒரே ஒரு முறை முயன்று பார்த்தார். பல் டாக்டர் தன் வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டியில் ஒன்றை வைத்திருந்தார். தோட்டத்தில் அவருக்கு ஒரு குளமே இருந்தது. மீன்கடைக்காரர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லி முடித்ததும், நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தவரின் பல்லிலிருந்து கையை எடுக்காமலே டாக்டர் கேட்டார்: "அப்போ பொய் சொல்லித்தான் வித்தீங்களா?" வெளியே காத்திருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நாற்காலிக்காரர் வாயை மூட முடியாமல் கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தார். டாக்டரின் மீன் அன்றே குளத்துக்குப் போனது, வீட்டு மீனும் மாதத்துக்கு இத்தனை அங்குலம் என்று இளைத்தது. ஆனாலும் அந்த உருண்ட கண் அவருக்கு வருடக்கணக்கில் மறக்கவில்லை. அதன்பிறகு அவர் இரண்டாவது வழியையே பிடித்துக்கொண்டார்.

இங்கேதான் எழுதக் கை கூசுகிற ஒன்று வருகிறது. ஒவ்வொரு மீனாகச் சாகச் சாக வீட்டு மீன் சிறுத்தது, அன்றிரவெல்லாம் அவர் நிம்மதியாகத் தூங்கினார். யாராவது கடைக்குள் நுழைந்து வாடிய முகத்தோடு "செத்துப்போச்சுங்க" என்று ஆரம்பித்தால், ஐயோ பாவம் என்று வாய் சொல்லும். மனசு எத்தனை அங்குலம் என்று கணக்குப் போடும். நாலாம் வருடம் மீன் ஆறரை அடியில் வந்து நின்றது. அதன் சொந்த வளர்ச்சி போக மீதி மூன்றடியும் ஒரே மீனுடையது. அந்த மீன் அவருடைய அக்கா வீட்டில் இருந்தது.

அக்கா ஆஸ்பத்திரி வார்டில் முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். தாய் போனபோது அவருக்கு எட்டு வயது, அவளுக்குப் பத்தொன்பது. அதிலிருந்து அவருக்கு எல்லாம் அவள்தான். வேலையை விட்ட மறுமாதம் கடைக்கு வந்து, "வீடு வெறிச்சுனு இருக்குடா. ஒரு மீன் குடு, ரொம்பப் பெரிசாகாததா" என்றாள். அவர் கை பாட்டுக்கு வலையைத் தொட்டிக்குள் விட்டது, வாய் பாட்டுக்குத் தொட்டிக்குத் தக்கதான் வளரும் என்றது. சொல்லி முடித்த பிறகுதான் எதிரில் நிற்பது அக்கா என்று உறைத்தது. பைக்கு ரப்பர் பேண்ட் சுற்றுகிற நேரம் இருந்தது, வாய்தவறிச் சொல்லிவிட்டேன் என்று சொல்வதற்கு. அவர் இரண்டு சுற்றுக்குப் பதில் மூன்று சுற்றுச் சுற்றினார், அவ்வளவுதான்.

அக்கா அதை உருண்டைக் கண்ணாடி ஜாடியில் வைத்து வளர்த்தாள். நாலு வருடமாகியும் மூன்று விரல் தாண்டவில்லை. "என் தம்பி சொன்னது அப்படியே பலிச்சுது பாருங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டினாள். எங்கே தன் வீட்டுக்கு வந்துவிடுவாளோ என்று அவர் குளியலறையில் மராமத்து நடக்கிறது என்று இரண்டு வருடமாகச் சாக்குச் சொல்லி, தானே போய்ப் பார்த்துவந்தார். போகும்போதெல்லாம் ஜாடியைத்தான் முதலில் பார்ப்பார். ஒரு நாள், "தினமும் தண்ணிய முழுசா மாத்திடணும்க்கா, பழைய தண்ணி ஒரு சொட்டு இருக்கக்கூடாது" என்றார். அப்படி மாற்றினால் மீன் தாங்காது என்பது மீன் விற்கிற யாருக்கும் தெரியும். தீனியையும் இரட்டிப்பாகப் போடச் சொன்னார். தம்பி சொன்னதாயிற்றே என்று அக்கா தட்டாமல் செய்தாள். ஆனால் வார்டில் பழகிய கை. தண்ணீரைக் காய்ச்சி, ஆறவைத்து, முந்தின நாளே எடுத்துவைத்து, சூடு சரிபார்த்து மாற்றினாள். மிஞ்சிய தீனியைப் பஞ்சால் ஒற்றி எடுத்தாள். மீன் சாகவே இல்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அது சாப்பிடுவதை நிறுத்தியது. அக்கா ஜாடியைத் துணிப்பையில் வைத்து மடியில் ஏந்தி, ஷேர் ஆட்டோவில் நேரே தம்பி வீட்டுக்கு வந்து இறங்கினாள். மனைவி வாசலிலேயே எழுந்து நின்றாள். "வாங்க அண்ணி, உள்ள கொஞ்சம் மராமத்து..." என்பதற்குள் அக்கா ஜாடியை மேசைமேல் வைத்துவிட்டு, "கால் எல்லாம் புழுதி, கழுவிட்டு வந்துடறேன்" என்று குளியலறைக் கதவைத் திறந்தாள். கைலியோடு உள்ளேயிருந்து வந்த மீன்கடைக்காரர் அங்கேயே நின்றுவிட்டார்.

அக்கா கத்தவில்லை. தடுப்பின் மேல் உட்கார்ந்து மீனைத் தலையிலிருந்து வால்வரை பார்த்தாள். கையை நனைத்து அதன் முதுகுமேல் மெதுவாக ஓட்டினாள். மீன் அசையாமல் கிடந்தது.

"இது என்னோட மீன் ஜாதிதானே?"

"ஆமாக்கா."

"முதுகு நேரா இருக்கு."

அவர் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"முப்பது வருஷம் வார்டுல இருந்தவடா நான். முதுகு வளைஞ்சா எனக்குத் தெரியாதா? முதல் வருஷமே தெரிஞ்சுது. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு என் கண்ணையே நான் நம்பல." குரலை உயர்த்தாமலே கேட்டாள்: "தினமும் தண்ணிய முழுசா மாத்தச் சொன்னியே, அது எதுக்குடா?"

மீன்கடைக்காரர் தரையைப் பார்த்தார். மனைவி அடுப்படி வாசலில் நின்று அளவு நாடாவைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். அக்கா இரண்டாம் முறை கேட்கவில்லை. எட்டு வயதில் அவர் பள்ளிக்கூடத்தில் பென்சில் திருடி மாட்டிக்கொண்டபோதுகூட, இப்படி ஒரு அமைதியை அவளிடம் அவர் பார்த்ததில்லை. பிறகு அவள் எழுந்துபோய் ஜாடியை எடுத்துவந்து, தண்ணீருக்குத் தண்ணீர் பழகட்டும் என்று அரை மணி நேரம் மிதக்கவிட்டு, மீனை இறக்கினாள். அது இடப்பக்கமாக ஒரு வட்டம் போட்டுவிட்டுப் பெரிய மீனின் வயிற்றடியில் போய் நின்றுகொண்டது.

அடுத்த எழுபத்திரண்டு நாளில் சின்னது நாளுக்கு அரை அங்குலம் வளர்ந்தது, பெரியது நாளுக்கு அரை அங்குலம் குறைந்தது. இரண்டும் மூன்றரை அடிக்குச் சற்று முன்பின்னாக வந்து நின்றதாக மனைவியின் காலண்டரில் இருக்கிறது. அக்காவின் மீனுக்கு முதுகு மட்டும் நேராகவில்லை. எல்லா அளவும் எங்கிருந்தோ எங்கேயோ போய்ச் சரிக்கட்டிக்கொண்டது; அந்த வளைவை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அது இன்றும் இடப்பக்கமாகத்தான் நீந்துகிறது.

கடையில் சிவப்பு விளக்கைக் கழற்றியாயிற்று. ஒவ்வொரு தொட்டியிலும் முழு வளர்ச்சியில் எத்தனை அடி என்று எழுதி ஒட்டியிருக்கிறார். படித்துவிட்டுப் பாதிப் பேர் சும்மா திரும்பிப் போகிறார்கள். குழாய் பழுதுபார்க்க வந்தவர் குளியலறையை எட்டிப் பார்த்து, "ரெண்டு மீன் இருக்கறப்ப குழாய் இவ்வளவு தாழ இருந்தா எப்படி?" என்று அதை ஒரு சாண் உயர்த்தி வைத்துவிட்டுப் போனார். அதிலிருந்து எல்லோரும் உள்ளேயே குளிக்கிறார்கள், நுரையில்லாத சோப்பாகப் பார்த்து வாங்கிக்கொண்டு.

அக்கா ஞாயிறுதோறும் வருகிறாள். தடுப்பின் மேல் உட்கார்ந்து தண்ணீருக்குள் காலை விட்டுக்கொள்கிறாள். இடப்பக்கமாக ஒரு சுற்று வந்து மீன் அவள் காலை முட்டுகிறது. அவள் எழுந்து வரும்வரை மீன்கடைக்காரர் அந்தப் பக்கம் போவதில்லை. மற்றபடி எல்லாம் முன்போலத்தான். எதற்கும் அவள் தம்பியைத்தான் கேட்கிறாள். போன ஞாயிறு, காலையில் காய்ச்சிய பாலைக் காட்டி, நல்லா இருக்காடா என்று கேட்டாள். நல்லாத்தான்க்கா இருக்கு என்றார் அவர். சரி என்று தலையை ஆட்டிவிட்டு, டம்ளரைத் தூக்கித் தானும் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தாள்.