பதினாறாவது சீட்டு

அந்தத் தையல் ஆலையில் ஆறு வருடமாகத் தொழிலாளர் பிரதிநிதி ஆமாஞ்சாமிதான். முதலாளி நடுப்பகலை இருட்டு என்றால் விளக்கைத் தேடுகிற ஆள். நூற்றுப் பதினோரு பேரில் நாற்பது பேர்தான் அவனுக்குப் போடுவார்கள். மிச்ச ஓட்டெல்லாம் கட்டிங் மாஸ்டருக்கும், கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும் செக்கிங்காரி டேப்புக்குமாகப் பிரிந்துவிடும். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று சும்மாவா சொன்னார்கள்!

டேப்புவின் அக்கா அதே ஆலையில் அயர்ன் போடுகிறவள். போன வருடம் நீராவிக் குழாய் வெடித்தபோது அயர்ன் கூடத்தின் பின்கதவு பூட்டிக் கிடந்தது. அக்காவின் வலது கை வெந்துபோய், இன்றும் விரல்கள் மடங்காது. பூட்டும் அப்படியே தொங்குகிறது. திறந்து வைத்தால் துணி திருட்டுப்போகுமாம். ஆமாஞ்சாமி அதற்கும் தலையாட்டினான், பாவி.

எட்டு மாதம் கையெழுத்து வாங்கி அலைந்து, தேர்தல் முறையையே மாற்ற வைத்தாள் டேப்பு. சாப்பாட்டு நேரத்தில் பட்டன்களைப் பரப்பி எல்லோருக்கும் விளக்கினாள்.

"மூணு பேருக்கும் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போடுங்க. யாருக்கும் பாதிக்கு மேல வரலைன்னா, ஓட்டு குறைஞ்சு கடைசியா வர்ற ஆளோட சீட்டுல ரெண்டு யாருக்கோ, அந்த ஓட்டு அவங்களுக்குப் போயிடும். ரெண்டு போடறதால உங்க ஆளுக்கு ஒரு நஷ்டமும் கிடையாது."

கட்டிங் மாஸ்டரும், "நான் வந்தாலும் முதல் வேலை அந்தக் கதவுதான்" என்றார். ஆனால் வாய் சும்மா இருக்குமா? "டேப்பு தொங்கவிட்டவ எல்லாம் தலைவியா?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

ஓட்டுப் போடுகிற அன்று, மறைப்புக்குப் பின்னால் பென்சிலோடு நின்றபோது அந்தச் சிரிப்புதான் டேப்புவின் காதில் கேட்டது. தனக்கு ஒன்று போட்டாள். இவருக்கா ரெண்டு? போடமாட்டேன் போ! நான்தான் ஜெயிக்கப் போகிறேன், என் சீட்டில் இரண்டாவது நம்பரை எவன் பார்க்கப் போகிறான்? ஆமாஞ்சாமிக்கு இரண்டைப் போட்டு மடித்தாள். ஊருக்குத்தான் உபதேசம்.

எண்ணினார்கள். ஆமாஞ்சாமி நாற்பது, மாஸ்டர் முப்பத்தெட்டு, டேப்பு முப்பத்து மூன்று. கடைசியாக வந்தவளின் சீட்டுகளைப் பிரித்தார்கள். பதினேழு மாஸ்டருக்குப் போயின, பதினாறு ஆமாஞ்சாமிக்கு. ஆமாஞ்சாமி ஐம்பத்தாறு, மாஸ்டர் ஐம்பத்தைந்து. அந்தப் பதினாறில் தான் எழுதிய நம்பர்களை டேப்பு பார்த்தாள். ஒரே ஒரு ஓட்டு!

"பாதிப் பேர்கூட இவருக்குப் போடலைன்னு இனி யாரும் சொல்ல முடியாது பாருங்க. நீங்க கேட்ட முறைதாம்மா" என்று மேனேஜர் அவளைப் பார்த்துக் கைதட்டினார்.

வீட்டுக்கு நடக்கும்போது அக்கா பொருமினாள். "அந்தப் பதினாறுல ஒருத்தி மாத்திப் போட்டிருந்தா கதவு திறந்திருக்கும்டி. அவ கை விளங்காமப் போக!"

"விடுக்கா" என்றாள் டேப்பு.

மறுநாள் காலை, மடங்காத விரல்களோடு அக்கா வந்து நின்றாள். அவளுடைய சட்டைப் பட்டன்களை எப்போதும் போட்டுவிடுவது டேப்புதான். பென்சில் பிடித்த அதே கையால் ஒவ்வொன்றாகப் போட்டு, அந்தப் பூட்டிய கூடத்துக்கு அவளை அனுப்பிவைத்தாள்.