கேட்பவர் பட்டியல்

நான்காம் மாடி எக்ஸ்ரேக்காரர் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் பொறுப்புப் பட்டியலைப் போட்ட ஞாயிற்றுக்கிழமை, பதினொரு பேருக்குப் பேச்சு நின்றுபோனது. குழுவில் மொத்தம் இருபத்து நான்கு பேர். தண்ணீர் மோட்டார் பழுது என்று யாராவது எழுதினால், அது காலை வணக்கப் பூக்களுக்கு அடியில் போய்ப் புதைந்துவிடும். பொறுத்துப் பார்த்த எக்ஸ்ரேக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். தலைவர் ஒருவர், அது அவரேதான். அறிவிப்பவர் இருவர், பதில் சொல்பவர் பத்துப் பேர், மீதிப் பேர் கேட்பவர்கள். கேட்பவர்கள் படிக்கலாம், எழுதக் கூடாது. ஆளாளுக்கு வந்து நச்சரிக்கக் கூடாதென்று கடைசியில் ஒரு விதியும் சேர்த்தார்: ஒருவர் இடத்துக்கு இன்னொருவர் மாறினால்தான் பட்டியல் மாறும், மாற்றுவது தலைவர் மட்டுமே.

கேட்பவர்களில் பதினோராவது பெயர் அவர் மனைவியுடையது. ஏன் என்னைக் கேட்காமல் போட்டீர்கள் என்று அவள் கேட்டபோது, "நீதான் எதுவும் எழுதமாட்டியே" என்றார். அவளுடைய பதில் தொண்டையிலேயே தங்கிவிட்டது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டை சுத்தமாக இருக்கிறது என்றார். பட்டியலை அழித்தால், டீ கொதிக்கும் நேரத்துக்குள் அது திரும்ப வந்து நின்றது.

அவளை எந்த நிமிடமும் அவர் மாற்றியிருக்கலாம். ஆனால் பதில் சொல்பவர்களில் தையற்காரர், என் பிழைப்பே வாயில்தான் இருக்கிறது சார் என்று கண் கலங்கினார். டியூஷன் டீச்சர் வாசலில் வந்து நின்றாள். லிப்டில் அவரைக் கண்டால் பேச்சுள்ள அத்தனை பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள், பேச்சில்லாதவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அந்தப் பயம் அவருக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று மூன்று வருடம் ஓடியது. அவள் சமைத்தாள், துவைத்தாள், அவர் பேசுவதைக் கேட்டாள்.

ஒரு சாயங்காலம் காஸ் ட்யூப் கழன்றுகொண்டது. எக்ஸ்ரேக்காரருக்கு ஜலதோஷம், மூக்கில் எதுவும் ஏறவில்லை. ஹாலில் விளக்குப் போட சுவிட்சில் விரலை வைத்தார். சமையலறை வாசலில் நின்ற அவள் வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. கையில் இருந்த எவர்சில்வர் டம்ளரை வீசினாள். அது அவர் மணிக்கட்டில் பட்டு உருண்டது. திட்டுவதற்குத் திரும்பியவர் அவள் முகத்தைப் பார்த்தார். சிலிண்டரை மூடிவிட்டு இருவரும் ஓடி ஓடி ஜன்னல்களைத் திறந்தார்கள்.

அன்றைக்கே போனை எடுத்தார். பத்துப் பேரில் யாரை ஊமையாக்குவது என்று யோசித்து, மனம் வராமல், தன் பெயரை எடுத்து அவள் இடத்தில் போட்டார், அவள் பெயரைத் தன் இடத்தில் போட்டார். அவர் நாக்கு கல்லாகக் கனத்தது. அவள் இருமினாள். தலைவர் நினைத்தால் இப்போதே யாரையாவது மாற்றலாமே என்று அவர் ஜாடையில் பட்டியலைக் காட்டி, தன் பெயரைத் தொட்டுத் தொட்டுக் கெஞ்சினார். அவள் நிதானமாகப் படித்து முடித்தாள்.

"இருக்கட்டுங்க. நீங்கதான் நிறைய எழுதிட்டீங்களே."

மறுநாள் முதல் லிப்டில் அவளைக் கண்டு எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். குழுவில் இப்போது மோட்டார் செய்தி மட்டும்தான் வருகிறது. எக்ஸ்ரேக்காரர் எந்த அறைக்குப் போனாலும் கையோடு ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு போகிறார்.