கால்மாட்டில் ஒரு கைப்பை

கடைசித் திருகாணி இறங்கிக்கொண்டிருந்தபோது வுயிசிலே சவப்பெட்டிக்காரரின் கையைப் பிடித்தான்.

"கொஞ்சம் இருங்க."

வெளியே கூடாரத்தில் பாட்டு தொடங்கிவிட்டது. மேட்டில் குழி தயாராக இருந்தது. பெட்டிக்குள் அவன் தங்கை ஸொலேகா.

விடிந்ததிலிருந்து அவன் ஸொலேகாவின் குழந்தை லிலித்தாவின் பிறப்புச் சான்றிதழைத் தேடிக்கொண்டிருந்தான். தகரப்பெட்டி, மெத்தைக்கு அடியில், ரேடியோவுக்குப் பின்னால், எங்கும் இல்லை. பெட்டியருகே நின்ற பக்கத்து வீட்டுக்காரி இப்போதுதான் அத்தையைப் பாராட்டிச் சொன்னாள்: எல்லாம் முறைப்படி வைத்தாயிற்று. கம்பளி, சபைக்குப் போடும் சிவப்புச் சட்டை, கால்மாட்டில் கைப்பை. போகிற இடத்தில் ஸொலேகா வெறுங்கையோடு நிற்கமாட்டாள்.

அந்தப் பையில்லாமல் ஸொலேகா தண்ணீர்க் குழாய்க்குக்கூடப் போனதில்லை. குழந்தையின் காகிதமெல்லாம் அதில்தான்.

வியாழக்கிழமை அவன் லிலித்தாவை முதுகில் கட்டிக்கொண்டு டவுனுக்குப் போயிருந்தான். குழந்தைகளுக்கான உதவித்தொகை கொடுக்கும் அலுவலகம். வரிசை முழுக்கப் பெண்கள். "தம்பி, பால் சரியா சுரக்குதா?" என்று ஒருத்தி கேட்டாள். வரிசையே சிரித்தது. அவனும் சிரித்தான். குழந்தைக்குத் தூக்கம் கலைந்தது. ஆண் கேட்டால் கொடுப்பார்களா என்பதுதான் அவனுக்குப் பயம். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. யார் வளர்க்கிறார்களோ அவர்கள் கேட்கலாம் என்றாள். உன் அடையாள அட்டை, தாயின் இறப்புச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். மூன்றோடும் திங்கட்கிழமை வா.

திங்கட்கிழமை நடக்காவிட்டால் லிலித்தா கடலோரத்து ஈஸ்ட் லண்டன் நகரத்துக்குப் போய்விடுவாள். அங்கே ஒரு பெரியம்மா இருக்கிறாள். வீட்டுப் பெரியவர்கள் பேசி முடித்தாயிற்று. ஆட்டு ரோமம் கத்தரிக்கும் பருவத்தில் மட்டும் வேலை கிடைக்கிற ஆண்பிள்ளையிடம் கையில் எதுவுமில்லாமல் மூன்று வயசுக் குழந்தையை விடமுடியாது என்று.

"பெட்டியத் தெறக்கணும்" என்றான் வுயிசிலே. ஏன் என்றும் சொன்னான்.

பெரியப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "குடுத்தத திருப்பி வாங்குறதா? அவ நம்மளப் பத்தி என்ன நெனப்பா?"

வேறு ஒன்று எழுதி வாங்கிக்கொள்ளலாமே என்றார் ஒருவர். முதல் சான்றிதழுக்கே ஸொலேகா எத்தனை முறை டவுனுக்கு வண்டி ஏறினாள் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். சொன்னவரும் தரையைப் பார்த்தார்.

"போதகர் காத்துட்டிருக்கார்" என்றார் பெரியப்பா. சவப்பெட்டிக்காரர் திருப்புளியை மறுபடி வைத்தார்.

அத்தை மெத்தையிலிருந்து எழுந்தாள்.

சாவு விழுந்த நாளிலிருந்து சுவரோரம் தரையில் போட்ட அந்த மெத்தையில்தான் இருந்தாள். துக்கத்துக்குத் தலைமையானவள் அடக்கத்துக்குப் புறப்படும்வரை ஆள் முன்னால் எழக்கூடாது. சேர்ந்து உட்கார்ந்திருந்த பெண்கள் அவள் போர்வையைப் பிடித்தார்கள். போர்வை அவர்கள் கையில் தங்கிவிட்டது.

"நான்தான் வெச்சேன்" என்றாள். "நானே எடுக்குறேன்."

"முறையில்ல."

"புள்ள பட்டினி கெடக்குறது முறையா?" என்று பெரியப்பாவைப் பார்க்காமலே கேட்டாள். பிறகு சவப்பெட்டிக்காரரிடம், "முழுசாத் தெறப்பா. பை கால்மாட்டுல இருக்கு."

திருகாணிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. மூடியை இரண்டு பேர் தூக்கினார்கள். வுயிசிலே தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை.

அத்தை குலப்பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஸொலேகா பிறப்பதற்கு முன்பே இறந்தவர்களின் பெயர்களையும் சொன்னாள். பிறகு சாதாரணக் குரலில் பேசினாள்.

"கோவிச்சுக்காத ஸொலேகா. கெழவிக்குப் புத்தி இல்ல, தெறந்து பாக்காம வெச்சுட்டேன். பை உனக்கு. காகிதம் புள்ளைக்கு."

பையைத் திறந்தாள். சீப்பு, வாசலின், பாதி தின்ற புதினா மிட்டாய்ச் சுருள். அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்த காகிதம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மருமகனிடம் நீட்டினாள்.

வுயிசிலே பிரித்தான். லிலித்தாவின் பெயர் இருந்தது. தலையாட்டினான். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அத்தை பையை மூடினாள். இருந்த இடத்திலேயே வைத்தாள். கம்பளியை இழுத்துச் சரிசெய்தாள்.

"என்னப்பா பாக்குற? மூடு."

மேட்டில் எல்லாம் சீக்கிரமே முடிந்தது. மண்வெட்டி கைமாறி அவனிடமும் வந்தது. அள்ளிப் போட்டான். திரும்பி வரும்போது லிலித்தா அவன் முதுகில் துணிக்கட்டுக்குள் தூங்கிவிட்டாள். கறியும் சோளமும் வெந்த வாசனை பாதி வழிக்கே வந்தது. அவனுக்குப் பசித்தது. அந்த வாரத்தில் முதல்முறையாக.

வாசலில் கற்றாழை போட்ட தண்ணீர்த் தொட்டி இருந்தது. கைகழுவாமல் உள்ளே போகக்கூடாது. வுயிசிலே குனிந்து ஒரு கையை நனைத்தான். இன்னொரு கை சட்டைப் பையின் மேல் இருந்தது. அந்தக் கையை எடுக்க மனம் வரவில்லை. பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

பெரியப்பா தோளைத் தொட்டார்.

"இங்க குடு."

காகிதத்தை வாங்கித் தொப்பிக்குள் வைத்தார். தொப்பியைத் தலையில் கவிழ்த்து, ஒரு தட்டுத் தட்டினார்.

"ரெண்டு கையையும் கழுவு."