ஜன்னல் பக்கத்துக் கன்னம்

லாரியை விட்டு இறங்கும்போதே இடுப்பு கழன்று விழுவது போல வலித்தது. இருபத்தெட்டு வருடம் ஸ்டியரிங் பிடித்தவனுக்கு இடுப்பு என்று ஒன்று மிஞ்சியிருப்பதே பெரிய காரியம். ஒன்பது நாள் ஓட்டம் முடித்து வந்தவன், தங்கை வீட்டில் ஒரு வாய் தின்றுவிட்டுக் கட்டையைச் சாய்க்கலாம் என்று போனான்.

கதவைத் திறந்தவளின் முகம் உப்பிப் போயிருந்தது. கன்னமெல்லாம் கன்றிய புள்ளிகள். அடிவயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு நின்றாள். லாரிக்காரன் முதலில் தேடியது மச்சானைத்தான். சட்டையைப் பிடிக்கிற நினைப்பு.

"அவர் அடிக்கல. நீ போன எடத்துக்குத்தாண்ணே நானும் போனேன். கமுக்கமா அழகாயிட்டு, கூடப் பொறந்தவகிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

அவனுக்கு ஒன்றும் ஓடவில்லை. அவள்தான் விளக்கினாள். பஸ் நிறுத்தத்தில் ஆள் உயர விளம்பரம். அதில் அவன் முகமே இரண்டு தடவை. ஒரு கன்னம் தேய்ந்த செருப்பு மாதிரி. மறு கன்னம் வழவழவென்று. கீழே 'ஆறே வாரத்தில், உங்கள் சொந்த ஸ்டெம் செல்லால்' என்று எழுதியிருந்ததாம். வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி, அதிலிருந்து செல்லைப் பிரித்து முகத்தில் ஏற்றினால் வெயிலில் வெந்த தோல் புதிதாக முளைக்குமாம். மூன்று முறை போட வேண்டும். முழுப் பணமும் முன்கூட்டியே கட்டியாயிற்று. முதல் முறை முடிந்து எட்டு நாள், வீக்கம் வடியவில்லை. நாளைக்கு இரண்டாவது.

செங்கல் சூளையில் இருபது வருடமாகச் சுடாத பச்சைக் கல்லைத் திருப்பிப் போட்டு வெயிலில் காயவைக்கிறவள் அவள். போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி, அவள் புருஷனைக் காட்டி "உங்க தம்பியா?" என்று கேட்டுவிட்டாள். அது போதாதா? வெயிலில் தலை காட்டக்கூடாது என்று கிளினிக்கில் சொன்னதால், நெட்டச்சி என்கிற கூட்டாளிதான் இவள் வரிசையையும் சேர்த்துத் திருப்புகிறாள்.

லாரிக்காரனுக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று மாதம் முன்பு அந்தக் கிளினிக்குக்குப் பெட்டிகள் இறக்கினான். டாக்டர் அவன் முகத்தையே பார்த்தார், எத்தனை வருட சர்வீஸ் என்று கேட்டார், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் படம் எடுத்தார். சரக்குச் சீட்டோடு இன்னொரு காகிதமும் வந்தது. இறக்கியதும் எதை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடுவது டிரைவர் சாதியின் குணம். சாவுச் சான்றிதழை நீட்டினாலும் போடுவார்கள்.

மறுநாள் காலை தங்கையோடு அவனும் போனான். ஏசி அறை, மெத்தை நாற்காலி, வெயிலைக் கண்ணாடி வழியாக மட்டும் பார்த்த நாலைந்து பெண்கள். சுவரில் அவனுடைய இரண்டு கன்னங்கள். அதன் அடியில் போய் நின்றான். டாக்டர் வெளியே வந்தார். தங்கையைவிடப் பத்து வயது மூத்தவர், கன்னம் தொங்கியிருந்தது. அந்த ஊசியைத் தனக்குப் போட்டுக்கொள்ள அவருக்கு நேரமில்லை போலும்.

"எனக்கு எப்ப டாக்டரே ஊசி போட்டீங்க?"

படம் ஒரு மாதிரிக்குத்தான், சம்மதக் கையெழுத்து இருக்கிறது என்று டாக்டர் இதமாகச் சொன்னார்.

லாரிக்காரன் நாற்காலிகள் பக்கம் திரும்பினான். வலது கன்னத்தைத் தட்டினான். "இது ஜன்னல் பக்கம். இருபத்தெட்டு வருஷ வெயில்." இடது கன்னத்தைத் தட்டினான். "இது லாரிக்குள்ள இருந்த பக்கம். நிழல். ஊசியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

ஒருத்தி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மற்றவர்கள் அசையவில்லை. ஒரு பெண், அடுத்து தன் முறைதானே என்று கேட்டாள்.

தங்கை படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உன் எடது கன்னத்த நம்பித்தாண்ணே வயித்தக் காட்டிப் படுத்தேன்."

கட்டிய பணம் திரும்பாது, மிச்ச இரண்டு முறையை முடித்துக்கொண்டு போகலாம் என்றார் டாக்டர்.

"அத உங்க மூஞ்சியிலயே போட்டுக்குங்க" என்றாள் அவள்.

வெளியே வெயில் முகத்தில் அறைந்தது. அவள் முந்தானையை இழுத்து மூடவில்லை. வீட்டுப் பக்கமும் திரும்பவில்லை, சூளைக்கு நடந்தாள். நெட்டச்சி இவளுக்காகத் திருப்பிய எட்டு நாள் வேலை பாக்கி. எட்டும் முழு வெயில்.