பத்தொன்பது மணி நேரம் கழித்துப் பார்த்த சாவு

கழுத்துக்குக் கீழே, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், ஆணி அடித்தாற்போல வலி. காலையிலிருந்து நுண்ணோக்கியில் குனிந்து நானூறு செத்த செல்களை எண்ணியிருந்தேன். நானூறும் சிவப்பு.

செல்லின் தோல் கிழிந்தால்தான் சிவப்புச் சாயம் உள்ளே போகும். அது வெடிப்புச் சாவு. இன்னொரு வகை உண்டு: செல் தானே சுருங்கி, தன்னைத் துண்டு போட்டுப் பொட்டலம் கட்டிக்கொண்டு, தோல் கிழியாமல் சாகும். அதன் வெளியில் பச்சைச் சாயம் மட்டும் ஒட்டும். புத்தகத்தில் முன்னதற்குப் பெயர் நெக்ரோசிஸ், பின்னதற்கு அப்போப்டோசிஸ். துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரில், எங்கள் ஆய்வகத்தில், வெடிப்பு, பொட்டலம் என்றுதான் பேச்சு.

ஒலிவ இலைச் சாறு புற்றுச் செல்லைப் பொட்டலமாகச் சாகடிக்கிறது என்று எங்கள் ஆய்வு மாணவி விஜ்தான் கட்டுரை எழுதியிருந்தாள். பிப்ரவரியில் அவள் செய்தபோது எல்லாம் பச்சை. ஆய்விதழ்க்காரர்கள் இரண்டு கேட்டார்கள். மறுபடி செய்து காட்டு. அதோடு, செத்தவனின் முகத்தைப் பார்த்துப் பெயர் வைக்காதே, எந்தக் கத்தி கொன்றது என்று காட்டு. கட்டுரை அச்சாகாவிட்டால் அவளுக்கு முனைவர் பட்டம் இல்லை. ஆறு வருட உழைப்பு. மூன்று வாரமாக மறுபடி செய்கிறோம், மூன்று வாரமும் சிவப்பு.

எங்கள் தலைவர் ஸி ஹாஷ்மி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குளிர்காலத்துல பச்சை, ஜூலைல சிவப்பு. செல்லுக்குமா வெயில் தாங்கல?"

"நான் பொய் எழுதல, ஸி ஹாஷ்மி," என்றாள் விஜ்தான்.

"பொய்யின்னு யாரும்மா சொன்னா? வியாழக்கிழமை வரைக்கும் பாரு. இல்லன்னா கட்டுரையத் திருப்பி வாங்கிக்கலாம்."

அவர் வெளியே போனார். வாசலில் வாங்கிய ஃப்ரிகாஸே ரொட்டியை விஜ்தான் முன்னால் வைத்தேன்.

"சாப்பிடு."

"பட்டம் வாங்கினதும் மக்ரூத் இனிப்பு செய்யணும்னு எங்கம்மா பேரீச்சம்பழம்கூட வாங்கி வெச்சுட்டா, மப்ரூக்கா."

"பேரீச்சம்பழம் கெட்டுப்போகாது. சாப்பிடு."

நான் பதிவேட்டை எடுத்தேன். நேரம் எழுதுவது என் வேலை, கையெழுத்தும் என்னுடையது. பிப்ரவரி: எட்டரைக்குச் சாறு, இரண்டரைக்கு எண்ணிக்கை. ஜூலை: மதியம் ஒரு மணிக்குச் சாறு, மறுநாள் காலை எட்டுக்கு எண்ணிக்கை.

கோடையில் இரண்டு மணிக்கே எல்லா அலுவலகமும் மூடிவிடும். இரண்டரைவரை நான் இருந்தால் என் பஸ் போய்விடும். அதனால் நானே மாற்றினேன். யாரும் கேட்கவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. ஆறு மணி நேரம் பத்தொன்பது ஆகிவிட்டது.

என் அப்பா துறைமுகத்தில் முப்பது வருடம் மீன்பெட்டி தூக்கினவர். உச்சிவெயில் சாய்ந்தபின் மீனைப் பார்த்து, இது வலையில் செத்தது, இது தூண்டிலில் செத்தது என்று எவன் சொன்னாலும் அவன் புளுகன் என்பார். உடம்புக்குள் என்றால் பொட்டலங்களைத் தின்று சுத்தம் செய்யப் பக்கத்துச் செல்கள் உண்டு. நாங்கள் செல் வளர்க்கும் தட்டில் யார் இருக்கிறார்கள்? பொட்டலம் கிடந்து கிடந்து அதுவும் வெடிக்கும், சிவப்பும் ஏறும்.

விஜ்தானிடம் சொன்னேன். "தப்பு என்னோடது."

"மூணு வாரமா என்னைப் பொய்க்காரி ஆக்கினது ஒரு பஸ்ஸா?"

"ஆமா."

என்னை முறைத்தாள். பிறகு ரொட்டியை எடுத்து ஒரு கடி கடித்தாள். "ஹரிஸ்ஸா காரம் பத்தல," என்றாள்.

நேரம் சரியாயிற்று, கத்தி மிச்சம். பொட்டலச் சாவில் செல்லை வெட்டுவது அதற்குள்ளேயே இருக்கும் ஒரு புரதக் கத்தி. அதைக் கட்டிப்போட ஒரு மருந்து உண்டு. கேட்டு அனுப்பினால் வந்துசேர நாலு மாதம் ஆகும். விஜ்தான் தன்னோடு படித்த, இப்போது மொனாஸ்திர் நகர ஆய்வகத்தில் இருக்கும் ஸவ்ஸனைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"என் கிட்னிய வேணா கேளுடி," என்றாள் ஸவ்ஸன். "இது கடைசிக் குப்பி."

"உன் கிட்னிய வெச்சு நான் என்ன பண்ண? எங்களுக்கு வந்ததும் திருப்பித் தர்றேன்."

செவ்வாய்க்கிழமை காலை மருந்து வாடகை வேனில் வந்தது, ஐஸ் அடைத்த தேநீர்க் குடுவைக்குள். ஓட்டுநர் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தான்.

"உள்ள என்ன இருக்கு?"

"சாவைத் தடுக்கிற மருந்து," என்றேன்.

"அப்ப எனக்கும் ரெண்டு சொட்டு விடுங்க. என் மாமியாருக்கு வேணாம்."

புதன்கிழமை எட்டரைக்குச் சாறு விட்டோம். பாதித் தட்டுகளில் அந்த மருந்தையும் சேர்த்தோம். இரண்டு மணிக்குக் காவலாளி துஹாமி சாவிக்கொத்தோடு வந்தார்.

"பூட்டணும், கிளம்புங்க."

"சாவு ரெண்டரைக்குத்தான் வரும், சித்தப்பா," என்றேன்.

"யாருக்கு?"

"தட்டுல இருக்கிறவங்களுக்கு."

"அல்லாஹ் கருணை காட்டட்டும்," என்று சொல்லி மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார்.

நானூறு எண்ணினேன். முந்நூற்று அறுபத்தொன்று பச்சை. மருந்து சேர்த்த தட்டில் பெரும்பாலானவை தட்டின் அடியைப் பிடித்துக்கொண்டு உயிரோடு இருந்தன; அப்படியானால் கொன்றது அந்தக் கத்திதான். கொஞ்சம் அங்கேயும் செத்திருந்தன, வேறு ஏதோ வழியில். அவற்றை விட்டுவிடலாமா என்று நான் கேட்டதற்கு, விஜ்தான் தலையாட்டி மறுத்து அட்டவணையில் சேர்த்தாள். ஒரு தட்டை வேண்டுமென்றே காலைவரை விட்டுவைத்தோம். அது முழுக்கச் சிவப்பு. அதையும் சேர்த்தாள்.

ஸி ஹாஷ்மி வியாழக்கிழமை மூன்று வரிசையையும் பார்த்தார்.

"நேரத்த மாத்துனது யாரு?"

"நான்."

"இதையும் எழுதணும். நம்மளப் போல எத்தன பேரு காலைல வந்து எண்ணிட்டு வெடிப்புன்னு எழுதிட்டிருக்காங்களோ."

அன்றைக்கே விஜ்தான் கட்டுரையைத் திருத்தி அனுப்பினாள். செப்டம்பரில் ஏற்றுக்கொண்டார்கள். அக்டோபரில் விஜ்தான் முனைவர் பட்டத் தேர்வில் ஐந்து பேராசிரியர்களுக்கு முன்னால் நின்று, சாவுக்குப் பெயர் வைப்பது எப்படி என்று ஒரு மணி நேரம் பேசினாள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். ஸவ்ஸனும் வந்திருந்தாள். கைதட்டி முடித்ததும் என் பக்கம் திரும்பி உள்ளங்கையை நீட்டினாள்.

"என் மருந்து எங்க?"

நாங்கள் கேட்டு அனுப்பியது இன்னும் வரவில்லை. மொனாஸ்திர் ஆய்வகத்துக்கு நாற்பது மைக்ரோலிட்டர் மருந்து பாக்கி.