நிற்காதே, ஆனால் நில்

1

இந்தக் கதையை ஒரு சுவரொட்டியிலிருந்து திருடினேன். கல்லூரிக்குப் போகும் வழியில், 'விளம்பரம் செய்யாதீர்' என்ற எழுத்துகளின் மேலேயே ஒட்டியிருந்தார்கள்: 'என் உடன்பிறவாத் தங்கைக்கே உங்கள் வாக்கு!' கீழே கைகூப்பிய ஓர் அண்ணன். பேருந்து வரவில்லை, கோபம் வந்தது. அப்படியானால் உடன்பிறந்தவள் என்ன ஆனாள்?

(அவருக்கு உடன்பிறந்தவளே இல்லாமலிருக்கலாம். விசாரிக்கவில்லை. விசாரித்தால் கதை போய்விடும்.)

2

முதல் தொடக்கம்: 'அந்திவானம் செம்பட்டு உடுத்தி—'

வேண்டாம். வானம் எந்தக் கட்சியிலும் இல்லை.

இரண்டாம் தொடக்கம்: அவள் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். அண்ணன் நகரமன்ற உறுப்பினர். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் ஜனங்கள் அவளிடம்தான் வருவார்கள். அவள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி முடித்துவைப்பாள். அண்ணன் வந்து ரிப்பன் வெட்டுவார். "அடுத்த தடவை நீதான் பாப்பா. கட்சி யாரை நிறுத்தினாலும் என் ஆதரவு உனக்குத்தான்" என்பது அவர் கொடுத்த வாக்கு. கட்சி ஓர் ஒப்பந்தக்காரரின் மனைவியை நிறுத்தியது. அண்ணன் வாக்கை நம்பி இவள் சுயேச்சையாக மனு போட்டாள்.

3

அண்ணன் கடைக்கு வந்தார்.

"பாப்பா, நாளைக்குக் கூட்டம். அந்தம்மாவை ஆதரிச்சுத்தான் பேசணும்."

அவள் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். "பேசணுமா, பேசப்போறியா?"

"மேலிடத்துல சொல்லிட்டாங்கம்மா. எனக்கும் பெரிய பொறுப்பு ஒண்ணு வருது."

"மேலிடமா? நாம ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருந்துதானேண்ணா வந்தோம்."

"கோவப்படாத. இந்தத் தடவை நிக்காத, வாபஸ் வாங்கிடு. மேடையில மட்டும் என் பக்கத்துல வந்து நில்லு. குடும்பம் ஒண்ணா இருக்குன்னு தெரியணும்ல?"

"நிக்காத, ஆனா நில்லு. நல்ல தமிழ்."

"அரசியல் வேற, பாசம் வேற பாப்பா."

"வேலை வாங்கறப்ப ரெண்டும் ஒண்ணாதானே இருந்துச்சு?"

கண் சொட்டுமருந்துக்குக் காத்திருந்த பெரியவர் குறுக்கிட்டார்: "எனக்கு அவசரமில்லம்மா. அண்ணனுக்கு முதல்ல ஞாபகசக்திக்கு ஏதாவது குடு."

அண்ணன் சிரித்தார். வாக்காளர் எதிரில் சிரிக்காமலிருக்க அவருக்குத் தெரியாது.

4

இதுவரை படித்த அறைத்தோழன் சொன்னான்: "அண்ணனுக்கும் ஒரு நியாயம் குடுடா. நடுநிலையா இருந்தாத்தான் போட்டியில பரிசு."

முயன்றேன். 'அன்றிரவு அண்ணன் உறக்கமின்றிப் புரண்டார். தலையணை கண்ணீரில் நனை—'

பொய். நன்றாகத் தூங்கினார்.* படைத்தவனுக்குத் தெரியாதா?

* குறட்டையும் உண்டு.

பத்து வருடம் ஒருத்தியின் செருப்பைத் தேயவிட்டு, ஒரே நாளில் இன்னொருத்தியைத் தங்கையாக்குகிறவருக்கு நியாயம் தேடித் தருவது என் வேலையா? அதற்குத்தான் கட்சியில் செய்தித்தொடர்பாளர் இருக்கிறாரே.

5

கூட்டம். அண்ணன் ஒலிவாங்கியைப் பிடித்தார். "இவங்க என் உடன்பிறவாத் தங்கை!" கைதட்டல். மனுவைத் திரும்பப் பெறாத தங்கை மூன்றாம் வரிசையில் இருந்தாள். அவர் கண்ணில் பட்டாள்.

"அட, என் சொந்தத் தங்கச்சியும் வந்திருக்கு! மேடைக்கு வாம்மா!"

எல்லாத் தலையும் திரும்பியது. அவள் எழுந்தாள்.

6

முடிவு அ: மேடையேறி அண்ணனைக் கட்டிக்கொள்கிறாள். ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒப்பந்தக்காரரின் மனைவிக்கு ஓட்டுக் குத்துகிறார்கள். இதை எழுதினால் என் கை அழுகட்டும்.

முடிவு ஆ: ஒலிவாங்கியைப் பிடுங்கி முழங்குகிறாள். அருமை. ஆனால் ஒலிபெருக்கிக்காரன் அண்ணனின் ஆள்.

முடிவு இ: 'வாசகர் முடிவுக்கே விடுகிறேன்.' இதைத்தான் எழுத இருந்தேன். கௌரவமாக இருக்கும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், நாளைக்கு எந்தப் பக்கமும் போய்க்கொள்ளலாம். எழுதப்போன பேனா நின்றது. அட, இது அண்ணனின் வேலையல்லவா!

ஆகவே அறிவிக்கிறேன்: என் ஆதரவு மருந்துக்கடைக்காரிக்கு. நிபந்தனையில்லை. கதை கெட்டால் கெடட்டும்.

அவள் இன்னும் அங்கேயேதான் இருக்கிறாள். மேடைக்கும் போகவில்லை, வெளியேயும் போகவில்லை. "இங்கயே நிக்கிறேண்ணா" என்கிறாள், ஒலிவாங்கி இல்லாமலே கேட்கிறது. சொட்டுமருந்துப் பெரியவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து அவள் அருகில் நிற்கிறார். அவருக்கு அடுத்த நாற்காலி உங்களுடையது.

என்ன, உட்கார்ந்தே இருக்கிறீர்கள்?