வெறும் வயிறு

2024 ஆகஸ்ட் 13, செவ்வாய்க்கிழமை காலை, திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் நர்ஸ்கள் ஷிப்டு மாற்றினார்கள்.

இங்கே அது கட்டில் கட்டிலாக நடந்தது. போன மாதம் கணவரைச் சேர்த்திருந்த சித்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் தங்கள் மேஜையிலேயே பேசி முடித்துவிடுவார்கள். புதிதாக வருகிறவளிடம் கன்னிகா எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒப்பிக்க வேண்டியிருந்தது. இங்கே போகிறவளும் வருகிறவளும் நோயாளியின் தலைமாட்டில் நின்று, அவர் காதுபடப் பேசிக்கொண்டார்கள். கன்னிகாவுக்கு அது பிடித்திருந்தது. இன்றைக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. போர்வையை மடித்தாள், உதறினாள், மறுபடி மடித்தாள்.

"இன்னாமே, நிலையா நிக்காம சுத்திக்கினே கீற? அறுக்கப் போறது எனக்கா, உனுக்கா?" என்றார் அவள் கணவர் தணிகாசலம்.

அவருக்குப் பித்தப்பையில் கல். இன்னும் சற்று நேரத்தில் ஆபரேஷன். வெளியூரிலிருந்து வரும் டாக்டர் இன்றைக்கு விட்டால் வெள்ளிக்கிழமைதான். வலி வந்தபோது கார்வேட்டிநகரத்து வீட்டில் அவர் சுவரில் முட்டிக்கொண்டதை அவள் பார்த்திருக்கிறாள்.

இரவு நர்ஸ் ஜமீலா தெலுங்கில் சொல்லிக்கொண்டே வந்தாள்: ராத்திரியிலிருந்து தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, வெறும் வயிறு. பகல் நர்ஸ் பிரித்திகா திருவள்ளூர்க்காரி. தமிழில் கேட்டாள்: "எதுவும் சாப்பிடலையே அண்ணா?"

"ஒண்ணும் துன்னல சிஸ்டர்."

அவர் பொய் சொல்லவில்லை. விடியற்காலையில், பக்கத்துக் கட்டில்காரரின் தம்பி நாகையா மொட்டைத் தலையோடு மலையிலிருந்து வந்து பாதி லட்டை அவர் கையில் வைத்தான். தணிகாசலம் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டார். மலையிலிருந்து வந்ததை யாரும் வேண்டாம் என்பதில்லை, சாப்பிட்டதாகவும் நினைப்பதில்லை. கன்னிகாவும் நினைக்கவில்லை, இந்த 'வெறும் வயிறு' காதில் விழும்வரை.

சொன்னால் வெள்ளிவரை வலி. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. நர்ஸ்கள் இருவரும் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார்கள். கன்னிகா ஓடிப்போய் பிரித்திகாவின் கையைப் பிடித்தாள்.

"சிஸ்டர், பிரசாதம் துன்னா கணக்கா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எவ்ளோம்மா?" என்றாள் பிரித்திகா.

"பாதி லட்டு. பெரிய லட்டு."

"சாமி பிரசாதம்மே, அதுகூடவா வயித்துக்குப் போவுது?" என்று கட்டிலிலிருந்து கத்தினார் தணிகாசலம்.

"வேற எங்கண்ணா போவுது? மயக்கத்துல மேல வந்து மூச்சுக்குழாய்ல போயிட்டா உசுருக்கே ஆபத்து" என்றாள் பிரித்திகா. ஜமீலா அதற்குள் டாக்டரிடம் சொல்லப் போனை எடுத்துவிட்டாள். நாகையா மொட்டையைத் தடவியபடி வெளியே நழுவினான்.

ஆபரேஷன் தள்ளிப்போனது. அன்றிரவு அவருக்கு வலி வந்தது, ஊசி போட்டார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரி ஆள் ஒருத்தி கட்டில் கட்டிலாக வந்து, நர்ஸ்கள் நோயாளி முன்னால் பொறுப்பு மாற்றிக்கொள்வது திருப்தியாக இருக்கிறதா என்று கேட்டாள்.

"போட்டுக் குடுக்கறவங்களுக்கு நல்ல வசதி" என்றார் தணிகாசலம்.

"திருப்திதாம்மா" என்றாள் கன்னிகா.

வெள்ளிக்கிழமை காலை ஆபரேஷன் நடந்தது. பித்தப்பையை எடுத்துவிட்டார்கள்.